அனுமதி கேட்டவர்கள்

அக்கா: யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்லடா. அழிச்சிடு.

தம்பி: மொத்தமாவா?

அக்கா: மொத்தமா. ஒரு எழுத்து மிச்சம் இருக்கக் கூடாது.

தம்பி: எட்டு மாசமா உக்காந்து செஞ்சிருக்கக்கா...

அக்கா: எட்டு மாசம், முப்பத்தி நாலு ஸ்லைடு ஷோ. ஒவ்வொண்ணுலயும் பதினஞ்சு இருபது படம். எல்லாம் என் கையால வரைஞ்சது. அதனால என்ன? யாருக்கும் உபயோகமில்லன்னா அது குப்பைதானே?

தம்பி: உபயோகமில்லன்னு யாரு சொன்னா?

அக்கா: பாத்தவங்கதான். கமெண்ட்ல போய்ப் படி. மொதல்ல அந்த ஈரத் துண்ட எடுத்துக் கொடில போட்டுட்டு நாற்காலில ஒழுங்கா உக்காரு.

தம்பி: பிசியோதெரபிஸ்ட் வீட்ல உக்காரவே பயமா இருக்கு. முதுகு வளைஞ்சிருக்கு, கழுத்து தொங்குதுன்னு ஆரம்பிச்சிடுவ...

அக்கா: தொங்கத்தான் தொங்குது. நாள் பூரா கடையில குனிஞ்சு ஊரான் வீட்டு செல்போனப் பிரிச்சு மேஞ்சா வேற என்ன ஆகும்?

தம்பி: சரி சரி, லேப்டாப்ப இப்படித் தள்ளு. இதானே... "வீட்டிலேயே எழுந்து நிற்போம்". பேரு நல்லாத்தான் இருக்கு.

அக்கா: பக்கவாதம் வந்து படுத்திருக்கறவங்களுக்காக ஆரம்பிச்சது. கிளினிக் வரைக்கும் தூக்கிட்டு வர முடியாது, வீட்டுக்கு ஆள் கூப்பிடவும் முடியாது... அந்த மாதிரி வீட்ல, கூட இருக்கறவங்க படத்தப் பாத்துப் பாத்துப் பண்ணி விடட்டுமேன்னு. சும்மா ஒரு ஆசை.

தம்பி: சும்மாவா?

அக்கா: சும்மாதான். வேற என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. கேட்டேன்.

அக்கா: கமெண்ட்டப் படிடா.

தம்பி: படிக்கறேன். பதினோரு பேர் எழுதியிருக்காங்க. "தெரியவில்லை." அடுத்தது... "ஒன்றும் தெரியவில்லை அம்மா." "எனக்கும் தெரியவில்லை."

அக்கா: பாத்தியா? மொத ஆள் எழுதினப்போ, சரி, நாமதான் கஷ்டமா எழுதிட்டோம்னு வார்த்தையெல்லாம் எளிசாக்கினேன். "முழங்கை மூட்டை நீட்டி"ன்னு இருந்தத "கைய நீட்டுங்க"ன்னு மாத்தினேன். மறுபடியும் "தெரியவில்லை". படத்தப் பெரிசாக்கினேன். அம்பு போட்டுக் காட்டினேன். அம்ப செவப்புல போட்டேன். "இன்னும் தெரியவில்லை"...

தம்பி: கடைசில ஒருத்தர், "எவ்வளவு முயன்றும் தெரியவில்லை"...

அக்கா: அதான். ஒரு மனுஷன் அவ்வளவு முயற்சி பண்ணியும் புரியாத அளவுக்குக் கை தூக்கறதப் பத்தி ஒருத்தி எழுதறான்னா, அதுக்குன்னு தனித் திறமை வேணும்டா. அது எனக்கு இருக்கு.

தம்பி: சிரிக்காத. இதுக்காக வேலையையே விடப் போறியா?

அக்கா: ஓ... உங்க மாமா சொல்லியாச்சா? அந்த மனுஷன் வாய்ல எதுவும் நிக்காது.

தம்பி: சொன்னாரு. கவலப்பட்டுத்தான் சொன்னாரு.

அக்கா: இந்த மாசத்தோட கிளினிக்ல நின்னுக்கறேன். உடற்பயிற்சி மிஷின் விக்கற கடையில கூப்பிடறாங்க. மிஷினுக்கு வலிக்காது. மிஷின் செத்துப் போகாது. மிஷின் வீட்டுக்காரங்க பழி சொல்ல மாட்டாங்க.

தம்பி: பழின்னு... இன்னும் அம்மா விஷயத்தையே நெனச்சிட்டிருக்கியா?

அக்கா: நான் எதையும் நெனைக்கல. நீ அழி.

தம்பி: இரு. ஒரே ஒரு கேள்வி. கோவப்படக் கூடாது.

அக்கா: இப்பவே கோவம் வருது. கேளு.

தம்பி: இந்தப் படமெல்லாம்... யார் பாக்கலாம், யார் பாக்கக் கூடாதுன்னு நீயா ஆள் பாத்துத்தான் விடறியா?

அக்கா: என்ன உளர்ற? பிளாக்குன்னா ஊரே பாக்கறதுதானே?

தம்பி: நீ வேணும்னு யாரையும் வெளில நிறுத்தி வெக்கலையா?

அக்கா: நான் ஏன்டா நிறுத்தப் போறேன்? வரமாட்டாங்களான்னு வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்கேன், நீ வேற...

தம்பி: அக்கா, இந்தா. என் போன்ல உன் பிளாக்கத் தொறந்திருக்கேன். என்ன தெரியுது சொல்லு.

அக்கா: தலைப்பு தெரியுது. "கட்டிலில் திரும்பிப் படுப்பது எப்படி?" அதுக்குக் கீழ... வெள்ளையா ஒரு கட்டம். ஒரு பூட்டுப் படம். "அனுமதி தேவை"... என்னடா இது? உன் போன் ரிப்பேரா?

தம்பி: நான் போன் ரிப்பேர் பண்றவன்க்கா.

அக்கா: என் லேப்டாப்ல பளிச்சுன்னு தெரியுதே! இங்க பாரு, படம் தானா மாறுது கூட!

தம்பி: உனக்குத் தெரியும். நீதான் சொந்தக்காரி. உன் வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்கு. மத்தவங்களுக்கு?

அக்கா: உங்க மாமாதான்டா ஒட்டிக் குடுத்தாரு. "எம்பெட்"னு ஒரு கம்ப்யூட்டர் கோடு வரும், அத எடுத்து பிளாக்ல போட்டா படம் அங்கயே ஓடும்னாரு. மொதல் நாள் எழுதற பெட்டியில ஒட்டினாரு, கோடு அப்படியே எழுத்து எழுத்தா நீளமா வந்து நின்னுச்சு. அப்புறம் ஹெச்டிஎம்எல் பக்கத்துக்குப் போய் ஒட்டணும்னு கண்டுபிடிச்சாரு. படம் வந்ததும் ரெண்டு பேரும் எழுந்து நின்னு கை தட்டினோம்.

தம்பி: ஒட்டினதெல்லாம் சரிதான். ஆனா பிளாக்ல நீ வெச்சிருக்கறது ஒரு ஜன்னல்தான்க்கா. ஸ்லைடு இருக்கறது வேற எடத்துல, உன் கணக்குல. அங்க போய், யார் வேணா பாக்கலாம்னு சொல்லணும். சொல்லலேன்னா, ஜன்னல் இருக்கும், உள்ள கதவு சாத்தியிருக்கும்.

அக்கா: முப்பத்தி நாலுமா?

தம்பி: முப்பத்தி நாலும்.

அக்கா: அப்போ... "தெரியவில்லை"ன்னு எழுதினாங்களே...

தம்பி: புரியலன்னு சொல்லல. கண்ணுக்கே தெரியலன்னு சொல்லியிருக்காங்க.

அக்கா: அடப்பாவி! செவப்புல அம்பு போட்டேனேடா!

தம்பி: ஹா... ஹா... அக்கா, முடியல...

அக்கா: சிரிக்காத! பூட்டின ரூமுக்குள்ள ஒக்காந்து ராப்பகலா எழுத்தப் பெரிசாக்கிட்டிருந்திருக்கேன்... சிரிக்காதன்னு சொல்றேன்ல... ஐயோ, எனக்கே சிரிப்பு வருது.

தம்பி: கண்ணத் தொடச்சுக்கோ.

அக்கா: இது சிரிச்சு வந்த தண்ணி. ஏன்டா... உனக்கு மொத நாளே லிங்க் அனுப்பினேனே. நீ தொறந்தே பாக்கலையா?

தம்பி: பாத்தேன். பூட்டியிருந்துச்சு. சரி, உன் பேஷண்டுங்களுக்கு மட்டும்னு வெச்சிருக்கன்னு நெனச்சேன்.

அக்கா: ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?

தம்பி: கேக்கலாம்னுதான்... விடு.

அக்கா: யாராவது கேக்க வேணாம்னாங்களா?

தம்பி: விடுக்கா. மொதல்ல கதவத் தொறப்போம். இங்க "பகிர்"னு இருக்கு பாரு. அதுல "தடை செய்யப்பட்டது"ன்னு இருக்கறத மாத்தி, "இணைப்பு உள்ள எவரும்". அவ்வளவுதான். இப்ப என் போன்ல... வந்துடுச்சு!

அக்கா: வந்துச்சா? எங்க... ஏ, பாதி ஆள்தான் தெரியறாரு?

தம்பி: கோடுல அகலம் தொள்ளாயிரத்து அறுபதுன்னு போட்டிருக்கு. போன் அவ்வளவு அகலமில்ல. அத நூறு சதவீதம்னு மாத்தினா எந்தத் திரையானாலும் அடங்கிடும். இதோ... முழு ஆளும் வந்தாச்சு.

அக்கா: கைராசிக்காரன்டா நீ.

தம்பி: முப்பத்தி நாலையும் ஒவ்வொண்ணா தொறந்து இதே மாதிரி மாத்திட்டேன். இன்னொண்ணு. இது மூணு செகண்டுக்கு ஒரு படம்னு தானா ஓடுது. அத எடுத்துடறேன். விரலால தொட்டாத்தான் அடுத்தது வரணும். அவருக்குக் கையத் தூக்கவே அரை நிமிஷம் ஆகும்...

அக்கா: யாருக்கு?

தம்பி: ஆங்?

அக்கா: "அவருக்கு"ன்ன.

தம்பி: பேஷண்டுக்கு. படுத்திருக்கற பேஷண்டுக்கு.

அக்கா: ...ம். சரி, எடுத்துடு. நியாயந்தான். அவசரப்படுத்தக் கூடாது.

தம்பி: இந்தப் பூட்டுக்குக் கீழயே "அனுமதி கேள்"னு ஒரு பட்டன் இருந்துச்சே, அத யாராவது அழுத்தினா உனக்கு மெயில் வந்திருக்கணும். ஒண்ணு கூடவா பாக்கல?

அக்கா: எனக்கு ஒண்ணும் வரலையே.

தம்பி: எந்த மெயில் ஐடில ஸ்லைடு செஞ்ச?

அக்கா: காலேஜ்ல படிக்கும்போது ஒண்ணு வெச்சிருந்தேன். அதுல.

தம்பி: அதுல வர்ற மெயிலத் தொறந்து பாத்து எத்தன வருஷம் ஆச்சு?

அக்கா: நீ திரும்பிக்கோ, பாஸ்வேர்டு அடிக்கணும்.

தம்பி: பெரிய ராணுவ ரகசியம்...

அக்கா: அடிச்சாச்சு. இது... டேய்.

தம்பி: என்ன?

அக்கா: நானூத்தி எழுபது மெயில்.

தம்பி: காட்டு. அம்மாடி... எல்லாம் அனுமதி கேட்டு வந்ததுதான்.

அக்கா: இந்தா. நீ படி.

தம்பி: "என் மனைவிக்கு இடது பக்கம் விழுந்து ஆறு வாரம் ஆகிறது. திருப்பிப் படுக்க வைக்கத் தெரியாமல் முதுகில் புண் வந்துவிட்டது. தலைப்பு மட்டும் தெரிகிறது. படத்தைப் பார்க்க அனுமதி தரவும்."

அக்கா: என்னைக்கு எழுதினது?

தம்பி: அஞ்சு மாசம் ஆச்சு.

அக்கா: ஐயோ.

தம்பி: இது... "எனக்கு இருபத்தி ஒன்பது வயது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி ஓட்ட முடியுமா என்று உங்கள் பக்கத்தில் இருக்கிறதா?" இது போன வாரம். இன்னொரு அம்மா, "நான் நர்ஸ், எங்கள் வார்டில் காட்டுவதற்காகக் கேட்கிறேன்"... அக்கா, இங்க பாரு, அஞ்சு மாசம் முன்னாடி எழுதினாரே, அவரே போன மாசம் திரும்பக் கேட்டிருக்காரு. "மனைவி இப்போது உட்காருகிறாள். நிற்க வைக்கும் படம் இருந்தால் அனுப்பவும்."

அக்கா: உக்காந்துட்டாங்களா? யாரும் காட்டாமயேவா?

தம்பி: அவரே எப்படியோ பண்ணியிருக்காரு. இன்னும் உன் கதவத்தான் தட்டிட்டிருக்காரு.

அக்கா: அந்த மனுஷனுக்கு மொதல்ல பதில் போடணும். இன்னைக்கே. ஒருத்தரு விடாம எல்லாருக்கும்... இங்க கீழ பாரேன், இது யாரு? ஒரே ஆள். ஒண்ணு, ரெண்டு, மூணு... வரிசையா போயிட்டே இருக்கு. தினமும் காலைல ஏழு மணிக்கு. எழுத்து எதுவுமில்ல. வெறும் பட்டன அழுத்தியிருக்காங்க. பேரு... "லேத்து".

தம்பி: அக்கா...

அக்கா: இது என்ன பேருடா? லேத்து...

தம்பி: உனக்குத் தெரியாதா?

அக்கா: நீ சொல்லு.

தம்பி: பட்டறைல அவர வேற எப்படிக் கூப்பிடுவாங்க? முப்பது வருஷம் லேத்து மிஷின்ல இரும்பு கடைஞ்ச மனுஷன். நான்தான் ஐடி போட்டுக் குடுத்தேன். பேரு என்ன போடட்டும்பான்னு கேட்டேன். "லேத்துன்னு போடு. தெரிஞ்சா தெரியட்டும், தெரியாட்டிப் போகட்டும்"னாரு. அக்கா, நான் உன்கிட்ட ஒண்ண மறைச்சிட்டேன். அப்பாவுக்குப் பத்து மாசம் முன்னாடி... வலது பக்கம் பூரா... பேச்சும் கொழறிப் போச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. "சொன்னா ஓடி வருவா. வந்தா, நான் சொன்ன வார்த்தைய எப்படிடா திரும்ப வாங்கிக்கறது"ன்னு...

அக்கா: தெரியும்.

தம்பி: எது தெரியும்?

அக்கா: வலது பக்கம்னு தெரியும். ஆஸ்பத்திரில எத்தனாவது வார்டு, எத்தனாவது கட்டில்னு தெரியும். அங்க பிசியோ பாக்கற பொண்ணு என் கூடப் படிச்சவ. அட்ரஸப் பாத்துட்டு ரெண்டாவது நாளே போன் பண்ணிட்டா.

தம்பி: பத்து மாசமா தெரிஞ்சுமா... நான் வரும்போதெல்லாம் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா"ன்னு கேட்டியே!

அக்கா: நீயும் "சௌக்கியம்"னுதானே சொன்ன.

தம்பி: எனக்கு இப்ப ஒவ்வொண்ணா தொறக்கும்போது அந்தக் குளியலறைப் படத்தப் பாத்ததும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. முக்கால் அடி உசரத்துக்குப் படி நம்ம வீட்டத் தவிர எந்த வீட்ல இருக்கு? ஜன்னலோரம் கட்டில், கட்டிலுக்குத் தலைமாட்டுல இரும்புப் பெட்டி... முப்பத்தி நாலுலயும் அந்த ஆளுக்கு வலது பக்கந்தான் வரல.

அக்கா: வேற யாருக்காகடா வரைவேன்? அவரு வந்த ரெண்டு பிசியோவையும் தொரத்திட்டாருன்னு கேள்விப்பட்டேன். நான் வர முடியாது. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன ரெண்டாவது நாள் நான்தான் எழுப்பி நடக்க வெச்சேன். எட்டாவது நாள் போயிட்டாங்க. நெஞ்சுல ரத்தக் கட்டி, நடந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டரே சொன்னாரு. ஆனா அவரு எல்லாருக்கும் முன்னாடி, "என் வீட்ல இனிமே யாரையும் நீ தொடக் கூடாது"ன்னாரு. நாலு வருஷமாச்சு. தொடத்தானே கூடாது... வரையலாம்ல?

தம்பி: அக்கா...

அக்கா: நீ எப்படியும் அவருக்குக் காட்டுவன்னு நெனச்சேன். நீ ஒரு வார்த்தை கூட சொல்லல. சரி, பாத்துட்டு வேணாம்னுட்டாரு, இந்தப் படிப்பே நமக்கு வேணாம்னு...

தம்பி: நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? நீ "லேத்து"ங்கறத பாத்துட்டு, வேணும்னுதான் உள்ள விட மாட்டேங்கறன்னு. எனக்கு உன் மேல அவ்வளவு கோவம். அவருதான், "அவ பண்றது நியாயம்டா"ன்னாரு. ஆனா மறுநாள் காலைல கண்ணாடியப் போட்டுட்டு இடது கையால மறுபடியும் அழுத்துவாரு.

அக்கா: எட்டு மாசமா?

தம்பி: ஒரு நாள் தவறல. அழு. பரவால்ல.

அக்கா: நானும் உன்கிட்ட இன்னொண்ணு சொல்லல. மூணாவது நாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. அவரு தூங்கிட்டிருந்தாரு. சொன்ன வார்த்தைய மீறிட்டேன்டா... தொட்டேன். வலது கைய எடுத்து என் கையில வெச்சுப் பாத்தேன். தூக்கத்துலயே கட்டை விரல் மட்டும் துளி அசைஞ்சுது. போதும், இந்தக் கை திரும்பி வரும்னு தெரிஞ்சுது. வெச்சுட்டு வந்துட்டேன்.

தம்பி: போன் போடறேன்.

அக்கா: வேணாம்... இரு, மொகம் கழுவிட்டு...

தம்பி: போன்ல மொகம் தெரியாது, ஸ்பீக்கர்ல போடறேன். அடிக்குது... அப்பா, நான்தான். அந்தப் பக்கத்தக் கொஞ்சம் தொறங்க.

அப்பா: காலைல... அழுத்தியாச்சே.

தம்பி: இன்னொரு தடவ தொறங்கப்பா.

அப்பா: வேணாம். ஒரு நாளைக்கு... ஒரு தடவதான். தொந்தரவு... பண்ணக் கூடாது.

தம்பி: அழுத்த வேணாம். தொறந்தா போதும்.

அப்பா: இரு... கண்ணாடி... ம். சுத்துது. சுத்திட்டே... டேய். படம் வருது.

தம்பி: என்ன படம்?

அப்பா: நம்ம கட்டில். பெட்டி... ஜன்னல்... இது யாரு? மீசையப் பாரு... நானாடா?

அக்கா: நீங்கதாம்பா. கேக்குதாப்பா?

அப்பா: கேக்குது.

அக்கா: நான் உங்களத் தடுக்கலப்பா. பூட்டியிருக்குன்னே தெரியாது, இன்னைக்குத்தான் இவன்...

அப்பா: சரிம்மா.

அக்கா: நெஜமாப்பா, தெரிஞ்சிருந்தா...

அப்பா: சரிங்கறேன்ல. சாப்பிட்டியா?

அக்கா: சாப்... ம். சாப்பிட்டேன். நீங்க அந்த மொத படத்துல இருக்கற மாதிரி, இடது கையால வலது மணிக்கட்டப் பிடிங்க. பிடிச்சீங்களா? மெதுவா தூக்குங்க. தோள் உசரம் வரைக்கும் போதும்.

அப்பா: நடுங்குது.

அக்கா: நடுங்கட்டும். மூச்ச அடக்காதீங்க.

அப்பா: இது சரியா... தப்பான்னு... அங்கேர்ந்து உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: தெரியாதுப்பா.

அப்பா: அப்போ... வந்து பாரு.

அக்கா: பாத்தா மட்டும் போதாதுப்பா. தொடாம இந்த வேலைய செய்ய முடியாது. நீங்கதானே அன்னைக்கு...

அப்பா: சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. உங்கம்மா போனதுக்கு... யார் மேலயாவது... கோவப்படணும்னு இருந்துச்சு. நீதான்... பக்கத்துல நின்ன.

தம்பி: மாமாவுக்கு ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டுக் கெளம்புக்கா. வண்டி கீழதான் நிக்குது.

அக்கா: வரேம்ப்பா. ஆனா வலிக்கும். வலிச்சா என்னையும் தொரத்தக் கூடாது.

அப்பா: ஆஸ்பத்திரில... நீ தொட்டப்போ... தொரத்தினேனா?

அக்கா: அது... நீங்க தூங்கிட்டில்ல இருந்தீங்க?

அப்பா: கண்ணத்தான் மூடியிருந்தேன். விரல்... தானா அசையலம்மா. உன் கையப் பிடிச்சுக்கணும்னு பாத்தேன்... அன்னைக்கு அவ்வளவுதான் வந்துச்சு.